பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை

இன்று காலை என் புது வண்டியில் பேச்சு வந்தது, பாட்டு வரவில்லை. இந்த வரியைப் படித்ததும் நீ என்னை அடிக்கக் கை ஓங்குவாய் என்று தெரியும். உன்னைக் கிண்டல் செய்யவில்லை, சத்தியமாக வண்டியைத்தான் சொல்கிறேன்.

மகள் பிடிவாதம் பிடித்து வாங்கிக் கொடுத்த கார் இது. கேசட் போட வாய் கிடையாது. போனில் பாட்டைப் போட்டால் ஒயரே இல்லாமல் வண்டிக்குள் வந்துவிடுமாம், அதற்கு ப்ளூடூத் என்று பெயர். போனும் வண்டியும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன, திரையில் என் பெயர்கூட வந்தது. மகள் கூப்பிட்டாள். அவள் குரல் நாலு கதவிலிருந்தும் கணீரென்று கேட்டது. அவள் வைத்ததும் ஆசையாகப் பாட்டைப் போட்டேன். திரையில் பாட்டு ஓடுகிறது, நொடிகள் நகர்கின்றன, சத்தம் மட்டும் இல்லை. வால்யூமை முழுக்க ஏற்றியும் ஒன்றும் நடக்கவில்லை.

குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் ஓரமாக நிறுத்திவிட்டு மகளை மறுபடி கூப்பிட்டேன். "பேச்சு வருதுடி, பாட்டு மட்டும் வர மாட்டேங்குது" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவள் பயந்துபோய், "அம்மா, என்னாச்சும்மா?" என்று கத்துகிறாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. உன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று, கை நிறைய வளையலோடு தலையில் அடித்துக்கொண்டு சொன்ன அதே வார்த்தை இது: "என் பொண்ணுக்குப் பேச்சு வருது, நாலு பேர் முன்னாடி பாட்டு மட்டும் வர மாட்டேங்குது!"

அந்த மேடை ஞாபகம் இருக்கிறதா? தொண்ணூறுகளின் நடுவில், நம் பக்கத்துப் பிள்ளையார் பந்தலில், உன்னைப் பாடக் கூப்பிட்டார்கள். பாத்திரம் துலக்கும்போதும் துணி காயப்போடும்போதும் தெருவே நின்று கேட்கும் குரல் உனக்கு. மேடை ஏறினாய், மைக்கைப் பிடித்தாய், வாயைத் திறந்தாய். சத்தமே இல்லை. மைக் செட்டுக்காரர் பாவம், தன் பெட்டியில்தான் கோளாறு என்று ஓடிவந்து ஒயரையெல்லாம் ஆட்டிப் பார்த்தார், "ஹலோ, ஹலோ" என்று பேசிப் பார்த்தார். மைக் நன்றாக வேலை செய்தது. நீதான் வேலை செய்யவில்லை. கீழே இறங்கிவந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறாங்க கணே" என்றாய். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த உனக்கு 'டீ' போடவே வராது, எல்லாவற்றுக்கும் 'கணே'தான்.

உன் தமிழைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். என் சித்தி சேலத்திலிருந்து வந்திருந்தபோது, நாம் மூவரும் டவுன் பஸ்ஸில் கோயிலுக்குப் போனோமே. "முந்தின ஸ்டாப்புல இறங்கணும் சித்தி" என்று நீ மரியாதையாகச் சொன்னாய். கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்தது, வரப்போவது. சித்தியின் தமிழில் அது தாண்டிப்போனது. "ஐயையோ, ஸ்டாப் போயிருச்சா!" என்று அலறி, கண்டக்டரை விசில் ஊதவைத்து, நடுரோட்டில் இறங்கிவிட்டார் சித்தி. கோயில்வரைக்கும் உன்னைத் திட்டிக்கொண்டே நடந்தார். நீ ஒவ்வொரு திட்டுக்கும் "சாரி சித்தி, சாரி சித்தி" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்னால் குலுங்கிச் சிரித்துக்கொண்டு வந்தாய்.

பந்தலில் வராத பாட்டு, என் வீட்டு அறைக்குள் கதவைச் சாத்தியதும் வெள்ளமாக வந்தது. நான் டேப் ரெக்கார்டரை அழுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்ள வேண்டும், அதுதான் உன் நிபந்தனை. ஒரு பக்கம் தமிழ்ப் பாட்டு, மறுபக்கம் கன்னடப் பாட்டு. அந்தக் கேசட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நமக்கே தெரியாமல் இருந்தபோதுதான் ஈரோட்டு மாஸ்டர் வந்து சேர்ந்தார்.

அவர் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிறவர். மைசூரில் ஒரு கல்யாணக் கச்சேரிக்கு வந்திருந்தார். அவர் குழுவில் பாடிய பெண் கல்யாணமாகிப் போகப்போகிறாள், புதிதாக ஒரு பெண் குரல் தேடுகிறார் என்று கச்சேரி வீட்டில் பேசிக்கொண்டார்கள். குழுவினரெல்லாம் முதல் பஸ்ஸிலேயே போய்விட்டார்கள், அவர் மட்டும் தங்கி ஸ்ரீரங்கப்பட்டணம் ரங்கநாதரைப் பார்த்துவிட்டு மத்தியான ரயிலைப் பிடிக்கிறார் என்றும், அதற்கு என் அப்பாவின் டாக்ஸியைத்தான் சொல்லியிருக்கிறார் என்றும் கேட்டதும், நீ என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று உடைந்தது. அப்பாவுக்கு அன்றைக்கு இடுப்புப் பிடிப்பு. லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு யாரும் வண்டி கொடுக்காமல் வயிறெரிந்துகொண்டிருந்த எனக்கு அதைவிட நல்ல நாள் எது?

திட்டம் நம் இருவருடையது. நீ எனக்குத் துணையாக முன் சீட்டில் வருவாய். வண்டி கிளம்பியதும் நான் ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேசட்டைப் போடுவேன். அவர் தானாகக் கேட்பார், தானாக விசாரிப்பார். அவர் முன்னால் நின்று நீ வாயைத் திறக்கவே வேண்டாம். நீ பாடகியாவதா, உன் பெரியப்பா மகன் பார்த்து வைத்திருந்த சோப்புக் கம்பெனிப் பேக்கிங் வேலைக்குத் திங்கட்கிழமை போய்ச் சேர்வதா என்பது அந்தக் கேசட்டில்தான் இருந்தது. "இது போச்சுன்னா நான் சோப்புதான் கணே" என்றாய்.

லாட்ஜ் வாசலில் அவருக்காகக் காத்திருந்தபோது ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று அழுத்தினோம். விளக்கு எரிந்தது. கேசட் சுற்றியது. சத்தம் இல்லை.

நாடாவைத் தின்கிறது என்று கடைக்குக் கொடுத்து, முந்தைய சாயங்காலம்தான் திரும்பி வந்து வண்டியில் மாட்டிய செட் அது. கேசட்டைத் திருப்பிப் போட்டோம். ஃப்யூஸைக் கழற்றி மாட்டினோம். உன் கைக்குட்டை நுனியில் கொலோன் தொட்டு ஹெட்டைத் துடைத்தோம். நான் டாஷ்போர்டின் தலையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினேன், அதற்கும் அசையவில்லை. அதற்குள் மாஸ்டர் நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நின்றார்.

"வண்டி ஓட்டறது நீங்களாங்க அம்மணி?" என்று கேட்டார்.

"ஆமாங்க. ஏன், பயமா இருக்குங்களா?"

"பயமெல்லாம் இல்லீங்க. வீட்ல சொல்லிட்டு வந்திருக்கலாம்னு நெனச்சேன்" என்றபடி பின் சீட்டில் ஏறி, வழி முழுக்க முன் சீட்டின் முதுகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். வேறு நாளாக இருந்திருந்தால் நீ அதற்கு என்ன கொட்டம் அடித்திருப்பாய்! அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. பேச்சும் வராத நீ எனக்குப் புதிது. அவர் மழையைப் பற்றியும் ரோட்டைப் பற்றியும் கேட்டார், நான் பதில் சொல்லிக்கொண்டே உன் மடியைப் பார்த்தேன். கேசட் உறையைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தாய்.

கோயில் வாசலில் இறங்கி அவர் உள்ளே போனார். அவர் சாமி கும்பிட்டு வருகிற நேரம்தான் நமக்குக் கையில் இருந்தது. திரும்பினால் நேராக ரயிலடி, அப்புறம் ஈரோடு, அப்புறம் உனக்கு சோப்பு.

இரண்டு பேரும் செட்டின் மேல் விழுந்தோம். வால்யூமை முழுக்கத் திருகினேன். அடியில் கையை விட்டு ஒயரை இழுத்துப் பார்த்தேன், எல்லாம் கெட்டியாக இருந்தது. எதிரே பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "ஏனாயித்தம்மா?" என்று கேட்டார். "ஹாடு பர்த்தாயில்லா" என்று நீ அழுகிற குரலில் சொன்னாய், பாட்டு வரவில்லையாம். எனக்கோ கோபம் தலைக்கேறியது. அந்தக் கடைக்காரரை வாய்க்கு வந்தபடி திட்ட ஆரம்பித்தேன்.

"எங்கப்பா போன்ல எவ்வளவு தெளிவா சொன்னாரு! நான் பக்கத்துலதானே நின்னேன். எதையும் மாத்தாதப்பா, முந்தி இருந்த மாதிரியே வெச்சுடுன்னு சொன்னாரு. இவன் என்னத்தையோ நோண்டி வெச்சிருக்கான்."

நீ சட்டென்று நிமிர்ந்தாய். "என்னன்னு சொன்னாரு மாமா?"

"முந்தி இருந்த மாதிரி வைன்னு."

"முந்தியா? முந்தின்னா சொன்னாரு?"

"ஆமாடி, அதுக்கென்ன?"

"ஐயோ, அவரு கன்னடக்காரரு கணே! தமிழ் அரைகொறைதான் அவருக்கு. முந்தெ வைன்னு காதுல விழுந்திருக்கும். முந்தென்னா முன்னாடி! சவுண்ட முன்னாடி வெச்சிட்டாரு, அல்வா?" சந்தோஷம் வந்துவிட்டால் உன் ஒவ்வொரு வாக்கியமும் கன்னட 'அல்வா'வில்தான் முடியும். அல்லவா என்பதைத்தான் அப்படிச் சொல்கிறாய் என்று சித்திக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு வேறு கதை.

நம் வண்டியில் முன்கதவில் ஸ்பீக்கரே கிடையாது. காதோரம் இரைகிறது என்று அப்பா எப்போதோ கழற்றிவிட்டார், வலை மட்டும்தான் இருந்தது. இருந்த இரண்டும் பின் சீட்டுக்குப் பின்னால், கண்ணாடியை ஒட்டி. பாட்டு முழுக்க முன்பக்கம் போய், இல்லாத ஸ்பீக்கரில் பாடிக்கொண்டிருந்திருக்கிறது!

எதைத் திருப்பினால் பின்னால் வரும்? நீ செட்டை முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தாய். வால்யூம் குமிழுக்கு அடியில் தட்டையாக ஒரு வளையம் இருந்தது. அத்தனை வருஷமாக அதை அழகுக்கு வைத்தது என்றுதான் எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். நகத்தால் அதை நெம்பினாய். நகர்ந்தது.

அம்மாடி! வால்யூம் உச்சத்தில் இருந்ததை நாம் இருவரும் மறந்துவிட்டோம். உன் குரல் அந்த அம்பாசடரைக் கிழித்துக்கொண்டு கோயில் வாசல் முழுக்கப் பாய்ந்தது. பூக்கார அம்மா எழுந்தே நின்றுவிட்டார். வெட்கத்தில் நீ அணைக்கப் போனாய், நான் உன் கையில் ஒன்று போட்டேன். அறைக்குள் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்ட பாட்டு இப்போது ஊர் நடுவில் வெயிலில் கேட்கிறது!

இங்கே கொஞ்சம் நிறுத்தி, காலைக் கதையை முடித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் "வண்டி என்னாச்சு கணே" என்று அங்கேயிருந்து நச்சரிப்பாய். வண்டியையும் போனையும் பிரித்துவிட்டு மறுபடி சேர்க்கச் சொன்னாள் மகள். சேர்த்தேன், அப்போதும் பேச்சுதான். உன்னை நினைத்துக்கொண்டு, இது எங்கேயோ வேறு பக்கம் பாடிக்கொண்டிருக்கிறது என்று போனின் ப்ளூடூத் பக்கத்தைத் திறந்து வண்டியின் பெயரைத் தொட்டுப் பார்த்தேன். அழைப்புகளுக்கு ஒரு பொத்தான், மீடியா ஆடியோவுக்கு ஒரு பொத்தான். பேச்சுக்கு உண்டு, பாட்டுக்கு அணைந்து கிடந்தது. தட்டினேன். வால்யூம் உச்சத்தில் இருந்ததை இந்தத் தடவையும் மறந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் "ஏன்ரீ மேடம்!" என்று காதைப் பொத்திக்கொண்டார். நான் ஸ்டியரிங்கில் தாளம் போட்டேன். இந்த வயதில் தலை நரைத்த ஒருத்தி காருக்குள் கைகொட்டிச் சிரிப்பதை அவர் வீட்டில் போய்ச் சொல்லியிருப்பார்.

சரி, கோயில் வாசலுக்கு வா. மாஸ்டர் கையில் துளசியோடு படியிலேயே நின்றுவிட்டிருந்தார். பாட்டு முடிகிறவரை அசையவில்லை. பிறகு வண்டியிடம் வந்து, குனிந்து, "இது யாருங்க பாடறது?" என்று கேட்டார்.

நீ தரையைப் பார்த்தாய். "இவதாங்க" என்றேன் நான்.

அவர் உன்னை மேலும் கீழும் பார்த்தார். "கேசட்ல எல்லாரும் நல்லாத்தான் பாடுவாங்க அம்மணி. இப்ப ரெண்டு வரி பாடுங்க, கேட்கலாம்."

பந்தலில் பார்த்த அதே முகம் வந்துவிட்டது உனக்கு. வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒன்றும் வரவில்லை. மாஸ்டர் நல்ல மனுஷர், பொறுமையாக நின்றார். பூக்கார அம்மாவும் நின்றார். அவர்கள் பொறுமையாக நிற்க நிற்க நீ சுருங்கிக்கொண்டே போனாய். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவ்வளவு தூரம் வந்து, வளையத்தையும் கண்டுபிடித்து, கடைசியில் இவளே அணைந்துபோனால் நான் என்ன செய்வேன்?

அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டியது. செட்டில் ஒன்றும் கெட்டுப்போகவில்லையே, பக்கம்தானே மாறியிருந்தது? உனக்கும் தொண்டையில் ஒன்றும் இல்லை, எல்லோரும் உன் முன்னால் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

"ஏறுங்க மாஸ்டர், ரயிலுக்கு நேரமாச்சு" என்று அவரைப் பின்னால் ஏற்றினேன். உன்னை முன்னால் தள்ளிக் கதவைச் சாத்தினேன். செட்டை அணைத்தேன். வண்டி கிளம்பியதும், தலைக்கு மேலிருந்த கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பிவிட்டேன், அவருக்கு உன் முகம் துளிகூடத் தெரியக்கூடாது.

"இப்ப பாடுடி. அவரு உனக்குப் பின்னாடி. நான் ரோட்டைத்தான் பார்ப்பேன், உன் பக்கம் திரும்பினேன்னா என்னை என்னன்னு கேளு. உன்னை யாரும் பார்க்கல."

"என்னையும் பாக்காதீங்க, ரோட்டையே பாருங்க அம்மணி!" என்று பின்னாலிருந்து மாஸ்டர் அவசரமாகச் சொன்னார். அதில் உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டு வந்தது. முதலில் முணுமுணுப்பு. காவேரிப் பாலத்தைத் தாண்டும்போது முழுக்குரல். பின்னால் வந்த லாரி எனக்குத் தெரியவே இல்லை, ஹாரன் அடித்து அடித்துச் சலித்து அதுவே ஒதுங்கி முன்னால் போனது. தமிழ் முடிந்ததும் நீயே கன்னடத்துக்குத் தாவினாய். மாஸ்டர் சீட்டின் முதுகைப் பிடிப்பதை விட்டுவிட்டு அதிலேயே தாளம் போட ஆரம்பித்தார், அது என் முதுகில் திம் திம் என்று விழுந்தது. நான் சத்தம் போட்டுக் கத்த வேண்டும் போல் இருந்தது. கத்தினால் நீ நிறுத்திவிடுவாயோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த ரோட்டிலும் ஓட்டியதில்லை.

ரயிலடியில் இறங்கியதும் அவர் கேட்டார்: "கன்னடம் இத்தன நல்லா வருதே, எங்க கத்துக்கிட்டீங்க?"

"கன்னடம் தானா வந்துச்சு சார். தமிழ்தான் கத்துக்கிட்டு இருக்கேன்" என்றாய். பேச்சு வந்துவிட்டது!

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எனக்கு வேணுங்கறதே அதுதானுங்க. மாதேஸ்வரன் மலைக் கோயில்ல பாதிச் சனம் தமிழு, பாதிச் சனம் கன்னடம். ரெண்டு பேர்த்தையும் ஒரே தொண்டையில கும்பிட வைக்க ஆளில்லாமத் தவிச்சுட்டு இருக்கேன். அமாவாசைக் கச்சேரிக்கு வந்துருங்க."

உன் அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார், வண்டி நான்தான் ஓட்ட வேண்டும். திங்கட்கிழமை சோப்புக் கம்பெனியில் உன் இடத்தில் வேறு யாரோ போய் உட்கார்ந்தார்கள். கொள்ளேகால், ராமாபுரம், மலையின் அத்தனை வளைவுகள் என்று எத்தனை வருஷம் ஓடினோம்! போகிற வழியெல்லாம் நீ முன் சீட்டில் பாடிப் பழகுவாய். மேடை ஏறினால் பந்தலுக்குப் பின்னால் ஏதோ ரோடு போகிறது என்று நினைத்துக்கொண்டு, சனங்களின் தலைக்கு மேலே பார்த்தபடி பாடிவிடுவாய். "எனக்கு நீ ஓட்டறாப்பலயே இருக்கணும் கணே" என்பாய். கடைசியில் ஆஸ்பத்திரிக்கு வந்து போன நாட்களிலும் பின் சீட்டில் படுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்க மாட்டாய், முன்னால்தான் உட்காருவாய். குரல் பாதியாகிவிட்டிருந்தது. பாதியாவது இருக்கிறதே என்று நான் சிக்னலுக்குச் சிக்னல் மெதுவாகப் போவேன்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன் பிள்ளைகள் மேடைப் போட்டோக்களைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். பட்டுப் புடவை, தலை நிறையப் பூ, கையில் மைக். பார்த்தால் பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் உன் பாட்டை நினைக்கும்போது எனக்கு அந்த முகம் வருவதில்லை. உன் பக்கம் திரும்ப மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னதை நான் கடைசிவரை காப்பாற்றினேன். ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டவள் நான், எனக்கு நீ முழுக்க முழுக்க இடது காதில்தான் இருக்கிறாய். வண்டியை எடுத்ததும் முதல் வேலையாக உன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிடுகிறேன். ஏன் என்று மகள் கேட்டால், தூசு என்கிறேன்.